மகாகவி வள்ளத்தோளும் செவிப்புலனும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடும் வேளைகளிற் கூர்ந்து நோக்குவோர் ஒன்றைக் கண்டிருப்பர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோருட் சிலர் பேச்சாளர் கூறுவனவற்றுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருப்பர். பக்கத்திலிருப்பவர் சிரித்தால் தாமுஞ் சிரிப்பர். கூட்டங் கலைந்தபின் பேச்சைப்பற்றிக் கேட்டாலோ வேறொரு கதையை எடுப்பர். காது மந்தமாகிவிட்டதென்று வாய்விட்டுச் சொல்ல அவர்க்கு மனம் வருவதில்லை. கண் மங்கினால் மூக்குக்கண்ணாடி அணிந்து வீதியிற் பெருமிதத்தோடு நடக்கும் நாம், செவி மங்கினால் அதனை ஒரு குற்றம்போல் மறைக்கின்றோம். செவி மந்தத்தால் விளையுங் கேட்டினும் இம்மறைப்பினால் விளையுங் கேடு பெரிதென்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு மலையாள நாட்டு மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன் அவர்களின் சரித்திரமே ஏற்றதெனக் கொண்டு அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மலையாளக் கவிஞர் ஒருவரின் சரித்திரம் மட்டக்களப்பார்க்கு எதற்கு என்று வினவுவார் இரார் என்றே நம்புகின்றோம். தாய்வழிக் குடிமுறையும், கண்ணகை அம்மன் சடங்கும், இரவிரவாக ஆடும் கூத்தும் உடைய எமக்குச் சேரநாடு அயல்நாடன்று. எமது செட்டிபாளையத்திலும் வைகாசிச் சடங்குக்குக் கூடும் முதியோர் சேரன் கதையைத் தம் வீட்டுக் கதைபோலவே கேட்பர்.

வள்ளத்தோள் 1878ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் திகதி பிரித்தானிய மலபாரிலே, திரூருக்கு அணித்தான சென்னறை என்னும் ஊரிற் பிறந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் மாமனாராகிய இராமுண்ணி மேனன். மருமகனுக்கு மாமனே ஆசானும் காவலனும் ஆகும் வழக்கை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மாமனார் வடமொழிக் காவியங்களைக் கற்பித்ததோடு அமையாது வாகபடரின் அட்டாங்க இருதயம் என்னும் வைத்திய நூலையும் ஓதுவித்தார். இளைஞர் வைத்தியத்தில் மாமனாருக்குக் கைகொடுத்தும் வந்தார். அந்நூலின் உத்தரத்தானத்திலே காது நோய்களைக் கூறுதற்கும் அவற்றின் சிகிச்சையைக் கூறுதற்குமாக இரண்டு அத்தியாயங்கள் உள. காதைப்பற்றி நூல்வழியாகக் கற்றவரையே காதுக் குறை பிற்காலத்தில் வந்து பற்றியது.

அக்காலத்து மலையாளப் பண்டிதர் பலரைப்போல அவரும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் புகுந்தவரல்லர். இளமையிலேயே செய்யுள் இயற்றினார். 1901இல் விவாகஞ் செய்து, பின்னர் திருச்சூரிற் குடியேறி, 1905 முதல் 1910 வரை அங்கே கற்பத்துருமம் என்னும் அச்சுக்கூடத்தின் மனேச்சராகக் கடமையாற்றினார். அவ்வேளையிலேதான் வான்மீகி இராமாயணம் முழுவதையும் மலையாளச் செய்யுளாக ஆக்கும் பெரும்பணியை ஏற்றார். இருபத்துநாலாயிரஞ் சுலோகம் என்று சொல்லப்படும் அந்நூலை ஏறத்தாழ ஈராண்டில் முடித்தனர் என்றால் அவர்தம் ஊக்கம் எத்தகையது!

இந்த அச்சுக்கூட வாழ்வின் இறுதிக் காலத்தில், முப்பது வயதைக் கடந்த அளவிலே, அவரது செவிப்புலன் ஒடுங்கலாயிற்று. ஒரு கவிஞனுக்கு இது எத்துணைப் பெரிய இடியென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்துக் கவிதை பெரும்பாலும் கண்ணாற் படிக்கப்பட்டதன்று. சபையில் ஓதப்பட்டது, ஓதக் கேட்டுச் சுவைக்கப்பட்டது. எதுகையும் மோனையும் வந்து விழும் ஓசை காதிற்குரியது. நண்பர் கூடி ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க ஒருவர் முடிக்கும் விளையாட்டும் காதை நம்பியே நடந்தது. வள்ளுவனார் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நூல் கல்லாதவனுங் கேட்டு அறிவான் என்னும் துணிவிலே எழுந்த கல்விமுறை எங்கள் கல்விமுறை. அம்முறையிற் செவி போயிற்றென்றால் ஆசானும் போயினான், அவையும் போயிற்று என்றே எவருங் கருதியிருப்பர்.

கவிஞர் செய்தது யாது? 1910இல் பதிரவிலாபம் என்னும் கவிதையை எழுதி வெளியிட்டார். பதிரன் என்பது வடமொழியிற் செவிடனைக் குறிக்கும். செவிடனின் புலம்பல் என்பதே நூலின் பெயர். தமது குறையைத் தமது பெயரோடு, ஊரறிய, அச்சிலே ஏற்றிவிட்டார்.

இதனை நாம் பெரிதாக எடுத்துப் பேசுதற்குக் காரணம் உண்டு. செருமனி தேசத்து இசைப்புலவர் பீதோவன் தமது இருபதுகளின் பிற்பகுதியிலேயே செவி மங்கப்பெற்றவர். சபைகளுக்குச் செல்லாது ஒதுங்கினார். மக்களோடு பழக வெறுப்பவர் என்ற பெயருக்கும் ஆளானார். 1802இல் தம் சகோதரர்க்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தம் துயரமனைத்தையும் கொட்டினார். எனினும் அக்கடிதத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டார். 1827இல் அவர் இறந்தபின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. அத்தகைய மேதையையே குறையை ஒளிக்குமாறு செய்தது உலகத்தின் ஏளனத்துக்கு அஞ்சிய அச்சம். அந்த அச்சத்தைத் திருச்சூர் அச்சுக்கூட மனேச்சர் வென்றார். இருவருள் எவர் பெரியர் என்பது எமது வினாவன்று; குறையைச் சொல்லியவர்க்கும் சொல்லாதவர்க்கும் நேர்ந்த வாழ்வின் வேறுபாட்டையே நோக்குகின்றோம். செவி கேளாதென்று நாடறிந்தபின் எவரும் வள்ளத்தோளைச் செருக்கரென்றோ மந்தபுத்தியரென்றோ கருதவேண்டிய நிலை வரவில்லை.

புலம்பல் ஒரு நூலோடு நின்றுவிட்டது. பின்வந்த சில ஆண்டுகளிலே சித்திரயோகம் என்னும் மகாகாவியம் வெளிவந்தது. அதன்பின் பந்தனத்திலிருக்கும் அநிருத்தனையும், மகளைக் காணும் தந்தையையும், மக்தலேன் மரியாளையும் பற்றிய கண்டகாவியங்களும், சாகித்திய மஞ்சரி என்னும் பெயரிற் பல பாகங்களாகக் கவிதைத் திரட்டுகளும் வந்தன. காந்தியடிகளைத் தம் குருநாதராகக் கொண்டு பாடிய பாட்டு மலையாளப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. 1922இல் வேல்சு இளவரசர் இந்தியாவுக்கு எழுந்தருளியபோது அளிக்கவிருந்த மரியாதையை ஏற்க மறுத்தார். குமாரன் ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர் ஆகியோரோடு சேர்த்து நவீன மலையாளக் கவிஞர் மூவர் என உலகம் அவரைப் போற்றியது. ஓசை நயத்தில் அம்மூவருள் இவர் எவர்க்கும் இளைத்தவரல்லர் என்பர். செவி மூடியபின் பிறந்த ஓசை அது!

இஃது எவ்வாறு கூடும் என்று மாணவர் வினவலாம். இடைவயதிற் செவி இழந்தவர்க்கும் பிறவியிலேயே செவிகேளாதவர்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அறிந்துகொள்க. முப்பது ஆண்டுகள் கேட்ட மொழி மூளையிற் பதிந்துவிடுகிறது. அதன் யாப்பும் சந்தமும் உள்ளே ஒலித்துக்கொண்டேயிருக்கும். பிறவியிற் கேளாத மகவுக்கோ அந்த வைப்பு இல்லை. முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு வழியால், ஒலியாலோ கைச்சைகையாலோ, மொழி உள்ளே புகுதல் வேண்டும். அக்காலத்தைத் தவறவிட்டால் ஈடுசெய்தல் மிக அரிது. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைத் தகப்பனும் பிந்தித்தான் பேசினான் என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் பெருந்தீங்கு.

இனிக் கவிஞரின் வாழ்விலே நாம் மிகவும் வியக்கும் பகுதிக்கு வருகின்றோம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியிற் கதகளி தேய்ந்து கிடந்தது. பிரபுக்களின் ஆதரவு குன்றியது; ஆங்கிலம் படித்தோர் அதனை நாட்டுப்புறத்தாரின் கூத்தென இகழ்ந்தனர்; ஆசான்மார் வறுமையுற்றனர். வள்ளத்தோள், மணக்குளம் முகுந்தராசா என்பாருடன் சேர்ந்து நிதி திரட்டத் தொடங்கினார். நன்கொடை கேட்டு ஊர்ஊராகச் சென்றதும், லொத்தர் நடத்தியதும் இதற்காகவே. மகாகவி ஒருவர் லொத்தர்ச் சீட்டு விற்றாரென்றால் இன்று நம்மவர் சிரிப்பர், அன்றுஞ் சிரித்திருப்பர். 1930இல் கேரள கலாமண்டலம் தோன்றியது. பின்னர் அது பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்தி என்னும் ஊரில் நிலைகொண்டது. பட்டிக்காந்தொடி இராவுண்ணி மேனன், குஞ்சுக் குறுப்பு முதலிய பேராசான்கள் அங்கே கற்பித்தனர். மறைந்துகொண்டிருந்த மோகினியாட்டத்துக்கும் கவிஞர் அங்கே இடங்கொடுத்தார். 1941இல் கொச்சி அரசாங்கம் அந்நிலையத்தைப் பொறுப்பேற்றது.

கதகளி ஆடுவோன் வாய் திறந்து பேசுவதில்லை. பின்னே நிற்கும் பாடகர் சேங்கலமும் இலைத்தாளமுங் கொண்டு பாட, செண்டையும் மத்தளமும் முழங்க, ஆடுவோன் கண்ணாலும் புருவத்தாலும் கையாலுமே கதை முழுவதையும் உரைக்கின்றான். அத்தலட்சண தீபிகை என்னும் நூல் இருபத்துநான்கு அடிப்படை முத்திரைகளை வகுத்துள்ளது. அவற்றைக் கூட்டியும் பிரித்தும் பெயர், வினை, வேற்றுமை யாவையும் காட்டலாம். செவிகேளாத கவிஞர் ஒருவர் தம் பிற்காலம் முழுவதையும் கையாற் பேசும் இக்கலைக்கே அளித்தமை தற்செயலென்று எமக்குத் தோன்றவில்லை. பாடகரின் குரல் அவர்க்கு எட்டாதிருக்கலாம். நடனின் விரல் எட்டியது. கேட்போர்க்கு இராகத்திலே கரைந்துபோகும் சிறு முத்திரைப் பிழையும், கண்ணையே முற்றாக நம்பிய ஒருவர்க்குத் தனித்துத் தெரிந்திருக்குமன்றோ.

ஆயினும் முத்திரைகள் வேறு, செவிகேளார் தமக்குள் வழங்கும் சைகைமொழி வேறு என்பதையும் குறிப்பிடல் நன்று. சைகைமொழிக்கும் சொல்லும் இலக்கணமும் உண்டு. அது குறைமொழியன்று, முழுமொழியே என்பதை அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் நிறுவினார். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், 1880இல் மிலான் நகரிற் கூடிய செவிகேளாதோர் ஆசிரியர் மகாநாடோ சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கவேண்டுமெனத் தீர்மானித்திருந்தது. கைகளைக் கட்டிவைத்து உதட்டைப் பார்க்கச் சொன்ன அந்தக் கொடுமை உலகெங்கும் நெடுங்காலம் நீடித்தது. 2010இல் வான்கூவர் மகாநாட்டிலேதான் அத்தீர்மானம் முறைப்படி மறுக்கப்பட்டது.

கதகளிக்கு நேர்ந்த இழிவு எமது வடமோடி தென்மோடிக் கூத்துகளுக்கும் நேர்ந்ததன்றோ? பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றும் வரையில், படித்தோர் பலர் களரிப் பக்கம் முகங்காட்ட நாணினர். வள்ளத்தோள் முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்ற பாதை அது.

கவிஞர்க்குக் கிட்டாத உதவிகள் இன்று எமக்குக் கிட்டுகின்றன. 1910இல் கேள்வியை அளக்கும் மின்கருவி திருச்சூரிற் கிடையாது. காதிற் சீழ் பிடித்தால் அதனை ஒழிக்கும் பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவில்லை. சட்டைப்பையில் அடங்கும் கேட்கும் கருவி கனவிலும் இல்லை. இவ்வளவும் உள்ள காலத்தில் வாழும் நாம் செவியின் இயல்பைச் சிறிதாவது அறிந்துவைத்தல் வேண்டும்.

வாவியிலே தோணி வலிப்போர் நிலாக்காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு பொருத்தி ஊரி பாடுவதைக் கேட்பர். காற்றுவழியாக எட்டாத ஒலி மரத்தின் வழியாக எட்டுகிறது. மருத்துவரும் இதனையே செய்கின்றனர். அதிரும் இசைக்கவை ஒன்றைக் காதருகே பிடிப்பர்; பின்பு அதன் அடியைக் காதின் பின்னுள்ள எலும்பில் ஊன்றுவர். காற்றுவழியிலும் எலும்பு வழியில் நன்றாகக் கேட்குமாயின், குறை வெளிக்காதிலோ நடுக்காதிலோ உள்ளது. குறும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறை துளைபட்டிருக்கலாம், அதன் பின்னுள்ள மூன்று சிற்றென்புகள் இறுகியிருக்கலாம். இவற்றுட் பல மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ தீர்வன. இரு வழியிலும் ஒலி மங்கியிருந்து, காற்றுவழியே சிறந்து நிற்குமாயின் குறை உட்காதிலோ நரம்பிலோ உள்ளது. நத்தைச்சுருள் போன்ற அவ்வுறுப்பிலே ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. அவை பட்டுப்போயின் மீண்டும் முளையா. முதுமையும் பேரோசையும் அவற்றை அழிப்பன. சில மருந்துகளும் தீங்கு செய்யும். மலேரியாக் காலத்திலே கொயினா விழுங்கிய எம் பாட்டனார் காதில் வண்டு இரைவதாகச் சொன்னது கற்பனையன்று; அம்மருந்தின் இயல்பு அது. போர்க்காலத்து வெடியோசையில் எத்தனை பேருடைய கேள்வி குன்றிற்று என்பதை எங்கள் பகுதியில் ஒவ்வொரு குடும்பமும் அறியும். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னே பாலகரை அமர்த்தும் வழக்கத்தையோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 80 தெசிபெல் ஓசையை வாரத்துக்கு 40 மணிநேரம் வரையே செவி தாங்குமென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஓசை கூடக் கூட அந்நேரம் மிக விரைவிற் குறையும். உலகில் 43 கோடி மக்களுக்குக் கேட்டற் குறைக்கான பராமரிப்பு வேண்டியிருக்கிறதென்று அந்நிறுவனம் 2021இல் அறிவித்தது.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், கோழியிறகும் ஈர்க்கும் விட்டுக் குடைவதும் எம்மவரின் கைவைத்தியம். இவற்றால் நன்மையினும் துளைபட்ட செவிப்பறையே மிகுதி. சீழ் வடியும் காதோடு பிள்ளை குளத்தில் மூழ்கிக் குளித்தல் ஆகாது. ஒரு காது திடீரென அடைத்துக் கேளாதொழிந்தால் சளியென்று வாளாவிருத்தல் கூடாது. சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினாற் கேள்வி மீளக்கூடும். வாரக்கணக்கிற் கடத்தினால் அரிது. களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் பெரியாசுபத்திரிக்கோ உடனே செல்க.

கேட்கும் கருவியைப்பற்றியும் ஒரு சொல். முதல் நாள் அணிந்தவுடன் பாத்திரம் உருளும் ஓசையும் காற்றாடி இரைச்சலும் பேச்சுக்கு மேலாகக் காதிற் புகும். ஈதென்ன தொல்லை என்று கழற்றி அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். நெடுநாள் மறந்த ஒலிகளைத் தரம்பிரிக்க மூளைக்குச் சில வாரங்கள் வேண்டும். நாளுக்குச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி அணிந்தோர் பயன் பெறுவர். கேளாமையால் ஒதுங்கி வாழ்தல் முதுமையில் நினைவுத் தடுமாற்றத்துக்கும் ஏதுவாகின்றதென மருத்துவ அறிஞர் கண்டுள்ளனர். ஆதலால் அலுமாரியிற் கிடக்கும் கருவி வீண்செலவு மாத்திரமன்று.

சுற்றத்தாரின் கடமையும் உண்டு. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டு மறுமொழி வரவில்லையென்று சினத்தல் தகாது. முன்னே வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, நிதானமாகப் பேசுக. உரத்துக் கத்தினாற் சொல் சிதையும். ஓசை மட்டுமே பெருகும். விளங்காத வசனத்தை அப்படியே மூன்று முறை சொல்லாது வேறு சொற்களால் மாற்றிச் சொல்லுக. எல்லோருஞ் சிரித்தபின் என்னவென்று வினவும் பெரியவருக்கு ஒன்றுமில்லை என்று கூறுதல் மாத்திரம் ஒருபோதும் வேண்டாம். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். பின்வாங்கில் இருந்து கேட்டதற்கு வேறாக மறுமொழி சொல்லும் மாணவனை மக்கு என்று தள்ளுமுன் அவன் காதைச் சோதிப்பித்தல் நன்று. முன்வாங்குக்கு மாற்றியவுடன் தேறிய பிள்ளைகள் பலர்.

பிறவியிற் கேளாதார்க்குத் தமிழகத்திலே பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு சுவைன்சன் அம்மையாரும், இலங்கையிலே கொழும்பின் தென்புறத்தில் 1912இல் மேரி சப்மன் அம்மையாரும் பள்ளிகள் தொடங்கினர். யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. பெற்றோர் இத்தகைய பள்ளிகளை நாணத்தோடு அணுகத் தேவையில்லை.

மகாகவிக்கு வருவோம். முதுமையிலும் அவர் வாளாவிருந்தாரல்லர். சோவியத்து நாடு வரை சென்று வந்து அந்நாட்டைப் பற்றிக் கவிதை எழுதினார். 1954இல் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது வழங்கியது. அப்போதும் அவர் மேசைமேல் இருந்தது இருக்கு வேதம். இளமையில் இராமாயணத்தை மொழிபெயர்த்த அதே கை, எழுபது வயது கடந்தபின் இருக்கு வேதம் முழுவதையும் மலையாளமாக்கி முடித்தது. கேள்வியாலேயே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுச் சுருதி எனப் பெயர்பெற்ற நூலை, கேளாச் செவியினர் ஒருவர் எழுத்திலே தம் நாட்டார்க்குக் கொடுத்தனர்.

1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆந் திகதி, தமது எழுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். கலாமண்டலம் பின்னர் பல்கலைக்கழகத் தகுதி பெற்று வளர்ந்துள்ளது. சோரனூரிலிருந்து திருச்சூருக்குப் புகைவண்டியிற் செல்வோர் பாரதப்புழைப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சிறு நிலையத்தைக் காண்பர். அதன் பெயர்ப்பலகையில் வள்ளத்தோள் நகர் என்று எழுதப்பட்டிருக்கும்.